தெள்ளுப்பூச்சியை விரட்ட எந்த வழிக்குக் காசு கொடுக்கலாம்?

முதலில் கொசு என்றுதான் நினைத்தோம். சிங்கப்பூரில் கணுக்காலில் தடிப்பு வந்தால் வேறு என்ன நினைப்பது? டெங்கிப் பயத்தில், பூச்செடித் தட்டிலிருந்து ஜன்னலுக்கு வெளியே துணி காயவைக்கும் கம்பு செருகுகிற குழாய் வரைக்கும் என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துத் தேடினார். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. அப்புறம் மூட்டைப்பூச்சியோ என்று மெத்தையைப் புரட்டினோம். அதுவும் இல்லை.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்த மகள், வெள்ளைக் காலுறையைக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தாள். அந்தக் காலுறைமேல் எள்ளைவிடச் சின்னதாக ஒரு கரும்பழுப்புப் புள்ளி. விரலை வைத்தேன், காணோம். துள்ளிவிட்டது.

"தெள்ளும்மா இது" என்றார் மாமியார். மன்னார்குடிப் பக்கம் ஆட்டுக்கொட்டகையோடு வளர்ந்தவர், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "உண்ணின்னா ஒட்டிக்கிட்டு நகராம இருக்கும். தெள்ளு துள்ளும். பூனையைப் பாரு முதல்ல."

பூனையின் பெயர் மிளகு. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் திரிந்த குட்டியை மகள் தூக்கிவந்து வைத்த பெயர். முதுகு மயிரை விலக்கிப் பார்த்தால் உண்மையிலேயே மிளகுத்தூள் தூவினாற்போல் இருந்தது. அதைச் சீப்பால் வாரி ஈர டிஷ்யூ தாளில் தட்டினேன். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வட்டம் பரவியது. வெறும் தூசி என்றால் இப்படிக் கரையாது. இது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். பூச்சி கண்ணில் படாவிட்டாலும் சந்தேகம் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

அதன்பிறகு சில மாதம் நாங்கள் பட்டதும் கேட்டதும்தான் இந்த ஒப்பீடு. வழிகளுக்குப் பஞ்சமே இல்லை: வேப்பிலை, கடை ஸ்பிரே, புகை டப்பா, வேக்குவம், விலங்கு மருத்துவர், பூச்சி ஒழிப்பு நிறுவனம், பூனையையே அனுப்பிவிடுவது. எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எது எந்தப் பருவத்துப் பூச்சியைக் கொல்கிறது என்று கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நாங்கள் முதல் இரண்டு வாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் வீணடித்தோம்.

நாய், பூனை இரண்டின் மேலும் பெரும்பாலும் இருப்பது ஒரே வகைதான், பூனைத் தெள்ளு. பெண் தெள்ளு இரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும், ஒரு நாளைக்கு 20, 30, சில சமயம் 50 வரைக்கும். முட்டை வழவழப்பானது, பூனைமேல் ஒட்டாது. பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. சோபாவின் அடி, பலகைத் தரையின் இடுக்கு, பாயின் மடிப்பு என்று போய் ஒளிந்துகொண்டு, பெரிய பூச்சிகளின் எச்சத்தைத் தின்று வளரும். அப்புறம் பட்டு நூற்றுக் கூடு கட்டும். அந்தக் கூடு பிசுபிசுப்பானது. மண்ணும் நூலும் மயிரும் ஒட்டிக்கொண்டு, சுற்றியிருக்கும் குப்பையைப் போலவே ஆகிவிடும்.

வம்பே இந்தக் கூட்டில்தான். வீட்டில் அடிக்கும் எந்தப் பூச்சிமருந்தும் அதற்குள் ஒழுங்காகப் போவதில்லை. உள்ளே இருப்பது அவசரப்படாது. காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று ஏதாவது பட்டால் உடனே வெளியே வரும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். குடியிருந்தவர்கள் காலிசெய்து மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நடந்ததும் கணுக்காலெல்லாம் கடி வாங்குவது இதனால்தான்.

நம் கண்ணில் துள்ளுவது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து, மீதியெல்லாம் முட்டை, புழு, கூடு என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. குளிர்நாடுகளில் குளிர்காலம் வந்து கொஞ்சம் கை கொடுக்கும். இங்கே வருஷம் முழுக்கப் புழுக்கம், ஈரப்பதம் எண்பது சதவீதத்தைச் சுற்றி. தெள்ளுப்புழுவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மூன்று நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்த தலைமுறை வந்துவிடும்.

இப்போது வழிகளுக்கு வருகிறேன். மாமியாரின் மனம் கோணாமல் வீட்டு வைத்தியத்திலிருந்தே தொடங்கலாம்.

தேக்கா சந்தையிலிருந்து இரண்டு கட்டு வேப்பிலை வாங்கிவந்து சோபாவின் கீழே பரப்பினோம். சாயங்காலம் சாம்பிராணி. வீடு மணத்தது, கடி குறையவில்லை. கல்லுப்புத் தூவினால் புழு காய்ந்து சாகும் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த ஊர்க் காற்றில் உப்புதான் முதலில் கரையும். டயட்டம் மண் என்று ஒரு வெள்ளைப் பொடி விற்கிறார்கள். பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகை உரித்து உலர்த்திக் கொல்வது அதன் வேலை. உலர்ந்த இடத்தில் வேலை செய்யும் பொருள் அது, ஈரத்தில் மந்தமாகிவிடும். தரையில் கொட்டினால் தூசியாகப் பறந்து நுரையீரலுக்கும் ஆகாது. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் நான் இதை யோசிக்கவே மாட்டேன்.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தேயிலை மர எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு என்று எதையும் பூனைமேல் தடவாதீர்கள். பூனை நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டிருக்கும், தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். தேயிலை மர எண்ணெய் பூனைக்கு விஷம். 'இயற்கையானது' என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பூனையின் கல்லீரல் படிக்காது.

வீட்டு வழிகளில் உருப்படியானது ஒன்று உண்டு. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, இரவில் மேலே சின்ன விளக்கை எரியவிட வேண்டும். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் துள்ளி வந்து விழும், சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும். இதனால் வீடு சுத்தமாகாது. ஆனால் பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். நாங்கள் இதோடு வெள்ளைக் காலுறைக் கணக்கும் வைத்திருந்தோம். தினமும் இரவு எட்டு மணிக்கு முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் சோபாவையும் பூனைப் படுக்கையையும் சுற்றி ஐந்து நிமிடம் நடப்பார், மகள் எண்ணிக் குறித்துவைப்பாள். முதல் நாள் ஒன்பது.

அடுத்தது புகை டப்பா. நடுக்கூடத்தில் வைத்து அமுக்கிவிட்டு வெளியே போனால் தானே மருந்தைக் கக்கும் வகை. புளோக்கைச் சுற்றிக் கொசுவுக்குப் புகை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, புகை என்றால் ஏதோ தீர்ந்துவிட்டது போல ஒரு நிம்மதி. என் வீட்டுக்காரர் இரண்டு டப்பா வாங்கிவந்தார். மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்து, கேஸ் அடுப்பை அணைத்து, பூனையைக் கூண்டில் தூக்கிக்கொண்டு நாலு மணி நேரம் அலைந்தோம். மறுநாள் காலுறையில் இரண்டே இரண்டு. அவருக்கு ஒரே பெருமை. பத்தாம் நாள் பன்னிரண்டு.

காரணம் எளிது. புகை மேலிருந்து இறங்கித் தரையின் நடுவில் படியும், சோபாவின் அடிக்குப் போகாது. போனாலும் கூட்டைத் துளைக்காது. கொசுவுக்கே புகையை மட்டும் நம்பாதீர்கள், தேங்கிய நீரைக் கொட்டுங்கள் என்றுதான் தேசிய சுற்றுப்புற வாரியம் வருஷா வருஷம் சொல்கிறது. தெள்ளுக்கும் அதே நியாயம்தான். பறப்பதையோ துள்ளுவதையோ அடித்துவிட்டு வளர்வதை விட்டுவிட்டால் திரும்ப வரும். நாங்கள் கேட்ட, பார்த்த எல்லா வழியிலும் என் கணக்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

கையில் பிடித்து அடிக்கும் ஸ்பிரே வேறு விஷயம். வேண்டிய இடத்தில், சோபா மெத்தையைத் தூக்கி, சுவரோர இடுக்கில், கட்டிலின் அடியில் குறிபார்த்து அடிக்கலாம். ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். வெறும் பூச்சிக்கொல்லி மட்டும் இருந்தால் புகை டப்பாவின் கதைதான். மெத்தோபிரின், பைரிபுரோக்சிஃபென் இரண்டில் ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை பூச்சியின் வளர்ச்சியைத் தடுப்பவை. முட்டை பொரிக்காது, புழு அடுத்த பருவத்துக்குப் போகாது. வெயில் படாத மூலையில் மாதக்கணக்கில் நிற்கும். எங்கள் டப்பா 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அடித்த இடம் நன்றாகக் காயும்வரை பூனையையும் பிள்ளைகளையும் அந்த அறைக்குள் விடக்கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு உயிராபத்து. நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் அது இருக்கும். 'இரண்டும் ஒன்றுதானே' என்று நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிட்டு நடுராத்திரியில் வலிப்போடு மருத்துவமனைக்கு ஓட வேண்டாம்.

வேக்குவம் கிளீனரை நான் முதலில் மதிக்கவே இல்லை. தூசி உறிஞ்சும் மெஷினுக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். உறிஞ்சப்பட்ட பெரிய பூச்சிகளில் 96 சதவீதம் செத்தன, புழுவும் கூட்டிலிருந்தவையும் முழுக்கச் செத்தன. குழாய்க்குள்ளும் தூரிகையிலும் அடிபட்டே போய்விடுகின்றன. இன்னொரு லாபமும் உண்டு. மெஷினின் அதிர்வும் சூடும் கூட்டுக்குள் காத்திருப்பதை எழுப்பிவிடும். எழுந்து வெளியே வந்தால் மருந்து படும். அதனால் ஸ்பிரே அடிப்பதற்கு முன் ஒருமுறை, காய்ந்தபிறகு மறுநாளிலிருந்து தினமும் உறிஞ்ச வேண்டும்.

மாப் போட்டுத் துடைப்பது இதற்கு ஈடாகாது. நம் ஊர்ப் பளிங்குத் தரையைப் பார்த்து 'கார்ப்பெட்டே இல்லையே, எங்கே இருக்கப்போகிறது' என்று ஏமாந்துவிடுவோம். எங்கள் வீட்டில் அதிகம் இருந்த இடம் சோபாவின் கீழ்த்துணிக்கும் காலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. அடுத்தது, சாமி அலமாரிக்கு முன்னால் மாமியார் உட்காரும் கோரைப்பாய். மிளகின் மதியத் தூக்கம் அங்கேதான். உறிஞ்சிய தூசியைப் பையில் இறுக்கிக் கட்டி அன்றைக்கே குப்பைக் குழாயில் போட்டுவிடுங்கள். மெஷினுக்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

துணியில் ஒரு சிக்கல். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொல்கிறார்கள், எங்களிடம் இருப்பதோ மேலே திறக்கிற மெஷின், பச்சைத் தண்ணீர் மட்டும்தான். பக்கத்து புளோக்கின் கீழே காசு போட்டு ஓட்டும் சலவைக்கடை இருக்கிறது. துவைத்ததைத் தூக்கிக்கொண்டுபோய் அங்குள்ள உலர்த்தும் மெஷினில் அரைமணி நேரம் நல்ல சூட்டில் சுற்றவிட்டோம். வேலை முடிந்தது. பூனை மெத்தை, உறை, சோபாத் துணி எல்லாம் வாரம் ஒருமுறை.

இவ்வளவும் செய்து பூனைக்கு மருந்து போடாவிட்டால் பிரயோஜனமில்லை. பூனைதான் தெள்ளின் சாப்பாட்டு மேசை, முட்டை உதிர்வதும் அதிலிருந்துதான். குளிப்பாட்டினால் போகும் என்று மகளும் நானும் மிளகைக் குளிப்பாட்டினோம். என் முழங்கையில் அதன் கையெழுத்து இன்னும் இருக்கிறது. குளியல் அன்றைக்கு மேலே இருப்பதைக் கழுவிவிடும், மறுநாள் சோபாவிலிருந்து புதிதாக ஏறும். தெள்ளுக் கழுத்துப்பட்டை மலிவு, ஆனால் பட்டைக்குப் பட்டை தரம் வேறு. மருத்துவர் சொன்னதை வாங்குங்கள்.

மருத்துவரிடம் போனால் எடை பார்த்து, வயது கேட்டு, பிடரியில் விடும் சொட்டு மருந்து கொடுப்பார். சிலவகை மாதம் ஒருமுறை, சிலவகை மூன்று மாதம் தாங்கும். மிகச் சின்னக் குட்டிக்குப் பல மருந்துகள் ஆகாது. அதற்கு நெருக்கமான பல்லுள்ள சீப்பும் வெதுவெதுப்பான நீரும்தான். தெள்ளு அதிகமானால் குட்டிக்கு இரத்தச்சோகை வந்துவிடும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. நக்கும்போது தெள்ளை விழுங்கினால் நாடாப்புழுவும் வரும் என்பதால் எங்களுக்குப் புழு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். பார்க்கும் கட்டணமும் மூன்று மாத மருந்தும் சேர்ந்து 140 வெள்ளி. முதலில் வயிறு எரிந்தது. இப்போது சொல்கிறேன், போன காசிலெல்லாம் உருப்படியாகப் போனது இதுதான். வீட்டில் இரண்டு பிராணி இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் போட வேண்டும், 'அது சொறியவில்லையே' என்று ஒன்றை விட்டுவிடக் கூடாது.

மருந்து போட்ட பூனையை வீட்டிலிருந்து விலக்கி வைக்கத் தேவையில்லை என்றும் மருத்துவர் சொன்னார். கூட்டிலிருந்து புதிதாக வருவதெல்லாம் பூனைமேல்தான் ஏறும், ஏறியது சாகும். நடமாடும் பொறி மாதிரி. இதைக் கேட்டபிறகுதான் மாமியாரின் இன்னொரு யோசனைக்குப் பதில் சொல்ல முடிந்தது. "பூனையைக் கீழயே கொண்டுபோய் விட்டுட்டா என்னம்மா?" என்று தினம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பூனை போய்விட்டால் பசியோடு கூட்டிலிருந்து வருவதற்கு மிச்சம் இருப்பது நாம்தான். "அப்ப இருந்துட்டுப் போகுது" என்று அத்தையும் விட்டுவிட்டார்.

கடைசியாக நிறுவனம். மூன்று இடத்தில் விலை கேட்டேன். எங்கள் நான்கறை வீட்டுக்கு 180 வெள்ளியிலிருந்து 380 வெள்ளிவரை. விலையைவிட அவர்கள் கேட்ட கேள்வியிலும் கேட்காத கேள்வியிலும்தான் வித்தியாசம் தெரிந்தது. ஒருவர் வீட்டில் பூனை இருக்கிறதா என்றே கேட்கவில்லை, 'ஒரே தடவையில் உத்தரவாதம்' என்றார். அந்தப் போனை அங்கேயே வைத்துவிட்டேன். கூட்டைத் துளைக்கும் மருந்து இல்லாதபோது ஒரே தடவை என்பது எப்படி? இன்னொருவர், பூனைக்கு மருந்து போட்டாயிற்றா, எந்தத் தேதியில், தரை பலகையா கல்லா, மீன்தொட்டி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தடவை வருவது விலையிலேயே சேர்த்தி, வளர்ச்சித் தடுப்பு மருந்தும் உண்டு என்றார். கூப்பிடுவதானால் இப்படிப்பட்டவரை. சுற்றுப்புற வாரியத்தில் பதிவுபெற்ற நிறுவனமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனைக்கு அனுமதி இல்லை; வைத்திருப்பது தெரிந்துவிடுமே என்று அங்கிருப்பவர்கள் ஆள் கூப்பிடத் தயங்குவார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைவரை அனுமதி உண்டு, உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லை.

நாங்கள் நிறுவனத்தைக் கூப்பிடவில்லை. ஒரே பூனை, பளிங்குத் தரை, தினமும் இருபது நிமிடம் வேக்குவம் பிடிக்க வீட்டில் நாலு கை. கைக்குழந்தையோ, நடமாட முடியாத முதியவரோ இருந்து யாருக்கும் நேரமில்லை என்றால் நான் இரண்டாம் யோசனையின்றி, வரிசையாகக் கேள்வி கேட்ட அந்த நிறுவனத்துக்கே காசு கொடுத்திருப்பேன். பிராணியே இல்லாத வீட்டில் தெள்ளு என்றாலும் நிறுவனம்தான் சரி. முன்பு குடியிருந்தவர்களின் பூனை விட்டுப்போனதா, பொய்க்கூரையில் எலி இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடிப்பது நம்மால் ஆகிற வேலையல்ல. வாடகை வீடானால் நீங்களே மருந்தடிக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் படத்தோடு சொல்லிவிடுங்கள், செலவை யார் ஏற்பது என்ற பேச்சு பிறகு சண்டையாகாது.

எந்த வழியானாலும் முதல் இரண்டு மூன்று வாரத்தில் மனம் தளரும். மருந்து போட்ட பத்தாம் நாள் எங்கள் காலுறைக் கணக்கு பதினான்கு. புகை டப்பாவுக்குப் பின் வந்ததைவிட அதிகம்! வீட்டுக்காரர் மறுபடி டப்பா வாங்கக் கிளம்பிவிட்டார். மருத்துவரின் தாதியைப் போனில் கேட்டேன். "கூட்டிலிருந்து வருது, வரட்டும், வேக்குவத்தை நிறுத்தாதீங்க" என்றார். மூன்றாம் வாரம் எட்டு. நாலாவது வாரம் மூன்று. ஐந்தாவது வாரம் ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் இல்லை. ஏழாவது வாரம் முழுக்கப் பூஜ்யம். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் வேக்குவத்தை விடவில்லை.

மூன்று மாத மருந்து முடிந்ததும் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். எதிர் வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) பூனை வளர்ப்பவர், சிரித்தார். தாழ்வாரத்தைக் காட்டினார். எங்கள் செருப்பு அலமாரியின் மேல் வாய்ட் டெக்கின் சாம்பல் பூனை ஒன்று சுருண்டு படுத்து, பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.